எழுதக் கற்பிப்பவர் எழுத வேண்டாவா?
பெங்களூருத் தமிழ் வகுப்பறையை முன்வைத்து

தோற்றுவாய்

தமிழாசிரியர் கூடும் கருத்தரங்குகளில் தவறாது ஒலிக்கும் முறையீடு ஒன்று உண்டு. இன்றைய மாணவர்க்குத் தமிழில் ஒரு பக்கம் ஒழுங்காக எழுத வரவில்லை என்பதே அது. முறையிடுவோர் அதற்கான காரணங்களையும் உடன் அடுக்கிவிடுகின்றனர். ஆங்கிலவழிப் பள்ளி, கைப்பேசி, பெற்றோரின் அக்கறையின்மை, அரசின் மொழிக்கொள்கை என அப்பட்டியல் நீளும். அதில் இடம்பெறாதவர் ஒருவரே. எழுதக் கற்பிக்கும் பொறுப்பிலுள்ள தமிழாசிரியரே அவர்.

இக்கட்டுரை அவரைப் பற்றியது. எழுத்தைக் கற்பிக்கும் திறத்தில் வளரவேண்டும் என்னும் விழைவு தமிழாசிரியரிடம் இல்லை என்று இங்குக் கூறப்படவில்லை. விழைவு உண்டு. பணியில் சேர்ந்த முதல் ஐந்தாண்டுகளில் உள்ள எந்த இளம் ஆசிரியரிடம் பேசினாலும் அதனை உணரலாம். ஆயின் அவ்விழைவு நிறைவேறுதற்குரிய வழிகள் இரண்டு. ஆசிரியர் தாமே தொடர்ந்து எழுதுதல் ஒன்று. தம் எழுத்தை உடனாசிரியர் படித்துக் குறைநிறை கூறக் கேட்டல் மற்றொன்று. இவ்விரு வழிகளையும் நம் தமிழ்த்துறைகள் அடைத்து வைத்துவிட்டு, திறவாத கதவின்முன் நிற்கும் மாணவரைக் குறை கூறிக்கொண்டிருக்கின்றன. இதனைப் பெங்களூருத் தமிழ் வகுப்பறையைச் சான்றாகக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெங்களூரு ஏன்?

பெங்களூருத் தமிழர் நேற்று வந்தவரல்லர். 1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்குப் படைவீட்டை நிறுவிய காலந்தொட்டுச் சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய மக்களின் வழித்தோன்றல்கள் அல்சூரிலும் சிவாசிநகரிலும் பிறபகுதிகளிலும் வாழ்கின்றனர். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் தொடங்கிய கல்வி அறப்பணி இன்றும் தொடர்கிறது. பெங்களூருத் தமிழ்ச்சங்கம் 1950இல் தோன்றியது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கருநாடக மக்களுள் நூற்றுக்கு 3.45 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். எண்ணிக்கையில் இருபத்தொரு இலட்சத்தினர்.

எனினும் இந்நகரின் கல்லூரிகளில் தமிழை மொழிப்பாடமாக எடுக்கும் மாணவர் ஒரு தன்மையர் அல்லர். ஒரே வகுப்பில் மூவகையினர் அமர்ந்திருப்பர். வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் கன்னடவழி பயின்றோர் ஒருவகையினர். ஆங்கிலவழியில் பயின்று, தமிழை இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாக எழுத்துக்கூட்டிப் படித்தோர் மற்றொரு வகையினர். ஓசூர், கிருட்டிணகிரி, வேலூர்ப் பகுதிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் பயின்று, பட்டப்படிப்பிற்காக இங்கு வந்தோர் மூன்றாம் வகையினர். முதல் வகையினர்க்குப் பேச்சு வரும், எழுத்து வாராது. இரண்டாம் வகையினர்க்கு எழுத்து ஓரளவு வரும், சொல்வளம் குறைவு. மூன்றாம் வகையினர்க்கு எல்லாம் வருவதுபோல் தோன்றும். அவர்தம் கட்டுரைகளைப் படித்தால் பத்தும் ஒன்றாக இருக்கும்.

தமிழ்நாட்டில் மாணவரின் எழுத்தை வளர்ப்பதில் பாதிப்பணியைத் தெருவே செய்துவிடுகிறது. நாளிதழ், பேருந்துப் பலகை, சுவரொட்டி, கோயில் அறிவிப்பு, திருமண அழைப்பிதழ் ஆகியன ஆசிரியர் அறியாமலே அவருக்குத் துணைநிற்கின்றன. பெங்களூரில் அத்துணை இல்லை. தெருவின் மொழி கன்னடம். அஃது அவ்வாறு இருத்தலே முறை. 2015ஆம் ஆண்டின் கன்னடமொழி கற்றல் சட்டம் பள்ளிகளில் கன்னடத்தைக் கட்டாயமாக்கியதையும் குறைகூற இடமில்லை. தன் மண்ணின் மொழியைக் காத்துக்கொள்ளும் உரிமை கன்னடர்க்கு உண்டு. நமக்கு வேண்டுவது இதிலிருந்து பெறப்படும் உண்மையே. தெருவின் துணை நீங்கிய இடத்தில், எழுத்துக் கற்பித்தல் என்ற பெயரில் நாம் உண்மையில் செய்துவருவது யாது என்பது மறைப்பின்றித் தெரிகிறது. தமிழ்நாட்டில் மறைந்திருக்கும் நோய் பெங்களூரில் வெளிப்பட்டு நிற்கிறது. ஆகவே இதனை எல்லைப்புறச் சிக்கல் என்று ஒதுக்குதல் பொருந்தாது.

கட்டுரை என்னும் அச்சு

நாம் கற்பிப்பது ஓர் அச்சு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, இடையிடையே உட்தலைப்புகள், தொடக்கத்தில் ஒரு குறள், இறுதியில் ஒரு பாரதி. தலைப்பு எதுவாயினும் அச்சு மாறாது. துணைநூல்கள் இவ்வச்சினைத் தலைமுறை தலைமுறையாக வார்த்துத் தந்துள்ளன. அந்நூல்களை ஆக்கியோரைக் குறைகூறிப் பயனில்லை. வகுப்பறையில் யாரும் எழுதக் கற்பிக்காத இடத்தில் அவர்கள் ஒரு தேவையை நிறைவு செய்தனர்.

இவ்வச்சு செய்யும் தீங்கினை ஒரு சான்றால் விளக்கலாம். இக்கட்டுரையாளரின் வகுப்பில் சுற்றுச்சூழல் மாசுபாடு பற்றி எழுதிய மாணவி ஒருவர், நகரமயமாதலின் விளைவாகச் சுற்றுச்சூழல் நாளுக்கு நாள் சீர்கெட்டு வருகிறது என்று தொடங்கியிருந்தார். தொடரில் பிழையில்லை. சிவப்பு மையால் தொடுதற்கு அதில் ஓர் எழுத்தும் இல்லை. ஆனால் அம்மாணவி வளர்ந்த வீடு பெல்லந்தூர் ஏரிக்கரையில் இருந்தது. 2015 முதல் நுரை பொங்கிச் சாலைக்கு வந்ததும், 2018ஆம் ஆண்டு சனவரியில் ஏரிப்பகுதி பல மணிநேரம் தீப்பற்றி எரிந்ததுமான ஏரி அது. அந்நாளில் வீட்டில் என்ன நிகழ்ந்தது என்று கேட்டபோது அவர் தயக்கமின்றிக் கூறினார்: அம்மா சன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகினார், பாட்டி, தண்ணீர் எரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார், தம்பி நுரையைப் பிடிக்க ஓடி அடிவாங்கினான். இவற்றுள் ஒன்றும் கட்டுரையில் இல்லை. ஏன் எழுதவில்லை என்று வினவியதற்கு, 'அதெல்லாம் கட்டுரையில் எழுதலாமா ஐயா?' என்பது அவர் தந்த விடை.

அவ்விடையில் நம் கல்விமுறையின் முழுத்தோல்வியும் அடங்கியுள்ளது. பன்னிரண்டு ஆண்டுத் தமிழ்க்கல்வி அம்மாணவிக்குக் கற்பித்தது, தாம் கண்டது எழுத்துக்கு உரியதன்று என்பதே. சொல்லத் தெரிந்தவரை எழுதத் தெரியாதவராக ஆக்கியது அச்சு. அந்த அச்சினை அவர்முன் வைத்தவர் ஆசிரியர். அவ்வாசிரியருக்கும் வேறொன்றும் யாரும் காட்டவில்லை.

மொழிக்கலப்புப் பற்றியும் இங்கே ஒரு சொல். பெங்களூரு மாணவர் கீரையைச் 'சொப்பு' என்று எழுதுவார். உடனே அடிக்கோடு விழும். தம் தாய் நாள்தோறும் தலையில் சுமந்து விற்பதன் பெயரே பிழை என்று அறியும் மாணவர், அதன்பின் தாயைப் பற்றி எழுதமாட்டார். தாய்மையைப் பற்றி எழுதுவார். கன்னட நிலத்தை அடுத்து வழங்கும் தமிழில் கன்னடச்சொல் கலத்தல் இயல்பு. அவ்வியல்பை அறிந்தே நம் இலக்கணிகள் திசைச்சொல் என்றொரு வகையை வகுத்தனர். உரைகாரர்கள் அந்நிலங்களை எண்ணுமிடத்துக் கன்னடத்தையும் சேர்த்தனர். சொப்பு என்பதை எங்கு வைத்தால் பொருந்தும், எங்குக் கீரை என்றே எழுதவேண்டும் என்று மாணவரோடு ஆராய்தல் எழுத்துக் கல்வி. அடிக்கோடிடுதல் சுங்கச்சாவடிப் பணி.

மரபு நமக்குக் கூறுவது

எழுதக் கற்பித்தல் தமிழ்த்துறையின் வேலையன்று, அது பயிற்சிப் பள்ளிகளின் வேலை என்று கூறுவோர் மரபின் காவலராகத் தம்மைக் கருதிக்கொள்கின்றனர். ஆதலின் மரபு யாது கூறுகிறது என்று காண்பது கடமையாகிறது.

பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றியது சீயகங்கன் என்னும் கங்கர் மரபு மன்னனின் வேண்டுகோளால். அக்கங்கரின் தொன்மையான தலைநகர் இன்றைய பெங்களூருக்கு அண்மையிலுள்ள கோலாறு. அந்நூலின் பொதுப்பாயிரம் கற்றலின் கணக்கு ஒன்றைத் தருகிறது. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டாலும் கிடைப்பது கால்பங்கு அறிவே. உடன்பயில்வாரோடு பழகுதலால் இன்னொரு கால் கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு விரித்து உரைக்கும்போதே நிறைவுறும். இக்கணக்கை நாம் மாணவர்க்கு மனப்பாடம் செய்விக்கிறோம். ஆனால் இது ஆசிரியரின் வளர்ச்சிக்கும் உரிய கணக்கு என்பதை எண்ணுவதில்லை. பட்டம் பெற்றதோடு முதற்காலை முடித்துக்கொண்டவர், வகுப்பில் உரைப்பதால் அரைப்பங்கைப் பெறக்கூடும். நடுவிலுள்ள கால்பங்கு எங்கே? எழுத்துக் கற்பித்தலைப் பொறுத்தவரை உடன்பயில்வார் என ஒருவரும் நம் துறைகளில் இல்லை. ஓர் அறையில் ஆறு தமிழாசிரியர் இருபதாண்டு அமர்ந்திருந்தும், ஒருவர் மாணவர் தாளில் என்ன எழுதுகிறார் என்பதை மற்றொருவர் கண்டதில்லை.

அரங்கேற்றம் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. அதனை இன்று நூல்வெளியீட்டு விழாவாகச் சுருக்கிவிட்டோம். தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் காட்டும் அரங்கேற்றம் அவ்வகைத்தன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் வினவ, ஐயம் நீங்க விடையிறுத்தே நூல் அவையேறியது. எழுதியவர், படிப்பவர், கேள்வி, திருத்தம் என நான்கும் அமைந்த அமைப்பு அது. வினவுவோன் ஓர் ஆசான் என்பதையும் மறத்தலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். உ.வே. சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் பாடம் சொன்னார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் மாணவர் முன்னிலையிலேயே புராணங்களை இயற்றினார் என்பதும், அவர் சொல்லச்சொல்ல மாணவர் ஏட்டில் எழுதினர் என்பதும் கற்பித்தல் நோக்கில் இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை. ஒரு செய்யுள் எவ்வாறு எழுகிறது, எங்கே நிற்கிறது, எச்சொல் வேண்டாமென விடப்படுகிறது என்பவற்றை அம்மாணவர் கண்ணால் கண்டனர். முடிந்த நூலைமட்டும் கண்டிருந்தால் அவர்கள் உரையாசிரியராக ஆகியிருக்கக்கூடும். நூல் உருவாகும் வினையைக் கண்டமையால் எழுதுவோராகவும் ஆயினர்.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கினார். அங்குப் பயிலும் பிள்ளைகளுக்கு ஏற்ற உரைநடை இல்லை என்பதைக் கண்டு தாமே எழுதினார். பாலபாடங்கள் அவ்வாறு பிறந்தவை. தமிழ் உரைநடை வரலாற்றில் அவருக்குரிய இடத்தை நாம் பக்கம் பக்கமாகப் பாராட்டுகிறோம். வகுப்பறைத் தேவைக்காக எழுதிய ஆசிரியர் அவர் என்பதைப் பாராட்டுரையின் இரைச்சலில் மறந்துவிடுகிறோம்.

பெங்களூரிலேயே அண்டைவீட்டுச் சான்றும் உண்டு. இந்நகரின் சென்ட்ரல் கல்லூரியில் கன்னட ஆசிரியராக இருந்த ஏ.ஆர். கிருஷ்ண சாஸ்திரி, அங்குக் கருநாடக சங்கத்தை உருவாக்கி, 'பிரபுத்த கர்நாடக' இதழைத் தொடங்கினார். வகுப்பறைக்கு வெளியே எழுதுவதற்கோர் இடத்தை ஒரு மொழியாசிரியர் அமைத்துத் தந்தமையின் பயனை நவீனக் கன்னட இலக்கியம் பெற்றது. தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதையின் முன்னோடியாகி, 1983இல் ஞானபீடம் பெறும் அளவுக்கு எழுத்துச்சூழல் இந்நகரில் நிலவியது. இன்றும் பெங்களூரில் வாழும் பாவண்ணன் கன்னடத்திலிருந்து தமிழுக்குத் தொடர்ந்து மொழிபெயர்த்து வருகிறார். 'பருவம்' என்னும் மொழிபெயர்ப்புக்காகச் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். எழுதுவோர் இல்லாத ஊரன்று இது. எழுத்து நிகழும் இடங்களுக்கும் தமிழ்த்துறைகளுக்கும் இடையே போக்குவரத்துத்தான் இல்லை.

மறுப்புகளும் விடைகளும்

எழுத்து பிறவிக்கொடை, அதனைக் கற்பிக்க இயலாது என்பது முதல் மறுப்பு. காவியம் இயற்றும் ஆற்றல் பற்றியதாயின் இக்கூற்றை விவாதிக்கலாம். நாம் பேசுவது, கண்டதை ஒரு பக்கத்தில் தெளிவுற எழுதுதல் பற்றி. இதனைக் கற்பிக்க இயலாது என்று உண்மையில் நம்புவோர், மொழிப்பாட வினாத்தாளில் கட்டுரைக்கு மதிப்பெண் ஒதுக்குதலை முதலில் நிறுத்தவேண்டும். கற்பிக்காத ஒன்றுக்குத் தேர்வு வைத்தல் எவ்வறத்தின்பாற்படும்?

இலக்கணம் கற்பித்தால் எழுத்துத் தானே வரும் என்பது இரண்டாம் மறுப்பு. இலக்கணம் இன்றியமையாதது, இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயின் வல்லினம் மிகும் இடங்களை ஒப்பிக்கும் மாணவர் தம் பத்தியில் அவற்றைத் தவறவிடுதலை நாள்தோறும் காண்கிறோம். மாணவர் தாம் எழுதியதைத் திருத்தும்போதே இலக்கணம் அவருக்குக் கருவியாகிறது. அதுவரை அது மற்றுமொரு மனப்பாடமே.

ஒரு வகுப்பில் அறுபது பேர், எவ்வாறு திருத்துவது என்பது மூன்றாம் மறுப்பு. இது நேர்மையானது, விரிவான விடைக்குரியது. ஒருவர்க்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் எனக் கொண்டால் அறுபது பேர்க்கு ஐந்து மணிநேரம் ஆகும். அதனை ஒரே வாரத்தில் செய்ய இயலாது. வகுப்பை மூன்று குழுவாக்கி, வாரம் இருபது தாள் படித்தால் நூறு நிமிடமே செல்லும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாணவர் எழுத்தும் ஆசிரியர் கண்ணில் படும். எல்லாப் பிழைகளையும் குறிக்கவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. ஒரு தாளில் ஒரு வினா, ஒருவகைப் பிழை என வரையறுத்துக்கொள்ளலாம். பெல்லந்தூர் மாணவியின் தாளில் 'எந்த ஏரி? அன்று வீட்டில் என்ன நடந்தது?' என்று எழுத அரைநிமிடம் போதும். நாற்பது பிழைகளைச் சுழித்து 'கவனம் தேவை' என்று ஒப்பமிடுவதைவிட அது மாணவரை வெகுதொலைவு இட்டுச்செல்லும்.

இவையெல்லாம் மேலைநாட்டு இறக்குமதி என்பது நான்காம் மறுப்பு. அமெரிக்காவில் சேனட் எமிக் 1971இல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எழுதும் முறையை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். ஆசிரியர்க்கு அண்மைக்கால எழுத்தனுபவம் இன்மையால் அவர்கள் எழுதும் வினையை மிக எளிமைப்படுத்திக் கற்பிக்கின்றனர் என்பது அவர் சுட்டியவற்றுள் ஒன்று. 1974இல் பெர்க்கிலியில் சேம்சு கிரே தொடங்கிய எழுத்துத்திட்டத்தில், கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் கூடி, தாம் எழுதி, ஒருவர் எழுத்தை ஒருவர் படித்து, தம் வகுப்பில் பயன்பட்ட முறைகளை ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். ஆசிரியர்க்கு ஆசிரியரே சிறந்த ஆசான் என்பதும், எழுதக் கற்பிப்போர் எழுதவேண்டும் என்பதும் அதன் அடிப்படைக் கொள்கைகள். பின்னர் அது நாடளாவிய இயக்கமாயிற்று. இவற்றுள் நன்னூலின் கணக்கிலும் அதங்கோட்டு ஆசான் இருந்த அவையிலும் இல்லாதது யாது? நம் பெட்டகத்தில் இருப்பதைப் பிறர் எடுத்து வழங்கக் கண்டு, அதனை அயற்பொருள் என்று தள்ளுவது அறியாமை.

இப்பொழுது ஐந்தாவதாக ஒன்றும் கேட்கிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், எந்திரமே கட்டுரை எழுதித் தருகையில் மாணவர்க்கு எழுதக் கற்பிப்பது வீண் என்கின்றனர் சிலர். எந்திரம் நொடியில் வார்த்துத் தருவது எதனை என்று நோக்கவேண்டும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை கொண்ட, யாருடையதும் அல்லாத கட்டுரையை அது வார்க்கிறது. நாம் அறுபது ஆண்டுகளாக மாணவரிடம் கேட்டுவந்ததும் அதனையே. அச்சினைமட்டும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு எந்திரம் போட்டியாகும் என்பதில் ஐயமில்லை. ஈரத்துணியைச் சன்னலில் செருகிய தாயை அம்மாணவியன்றி வேறெவரும் எழுத இயலாது.

முடத்தெங்கும் பதவி உயர்வும்

இனி, ஆசிரியரின் வளர்ச்சிக்கென உள்ள அமைப்புகளை நோக்குவோம். பல்கலைக்கழக மானியக்குழு 1987 முதல் கல்விப்பணியாளர் கல்லூரிகளை அமைத்தது. அவை 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், 2023இல் மாளவியா திட்ட ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்றும் பெயர் மாறின. பெயர் மாறிய அளவுக்குத் தமிழ்ப் புத்தொளிப் பயிற்சியின் உள்ளடக்கம் மாறவில்லை. சங்க இலக்கியத்தில் ஒன்று, சிற்றிலக்கியத்தில் ஒன்று, கோட்பாட்டில் ஒன்று எனச் சொற்பொழிவுகள் தொடரும். பயிற்சிக்கு வந்த ஆசிரியர் காலைமுதல் மாலைவரை கேட்பார். நன்னூற் கணக்கில் அது மீண்டும் முதற்காலே. ஒரு பத்தியையேனும் அவர் எழுதி, உடனிருப்போர் படித்து, மறுநாள் திருத்தி எழுதும் அமர்வு ஒன்றினை இக்கட்டுரையாளர் தாம் பங்கேற்ற எப்பயிற்சியிலும் கண்டதில்லை.

பதவி உயர்வு முறையும் இத்தகையதே. 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியரின் பணியைப் புள்ளிகளாக்கின. 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் அதனைச் சற்று மாற்றின. அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஏற்புடைய இதழ்ப்பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. இம்மாற்றங்கள் அனைத்தினூடும் மாறாத ஒன்று உண்டு. ஆசிரியர் வெளியிடும் ஆய்வுக்கட்டுரைக்கு மதிப்பு உண்டு. அவர் அறுபது மாணவர் எழுத்தை ஓராண்டு படித்து வளர்த்தமைக்குத் தனிமதிப்பு இல்லை. எனவே ஆசிரியரும் எழுதுகிறார், எதனை எழுதுகிறார்? மாணவர்க்கு விலக்கவேண்டிய அதே அச்சில், முன்னுரையும் முடிவுரையுமாக, யாருடையதும் அல்லாத கட்டுரையை எழுதுகிறார். அதனைத் திருத்துவாரும் இலர்; தொகுப்புநூலில் பணம் கட்டினால் அச்சேறும்.

நன்னூல் ஆகாத ஆசிரியர்க்கு உவமை கூறுமிடத்து முடத்தெங்கினைச் சுட்டும். ஒருவர் நீர்வார்க்க, வேலிக்கு அப்பால் வளைந்து வேறொருவர்க்குக் காய்தரும் தென்னை அது. மாணவர் செலுத்தும் கட்டணமும் அவர்தம் காலமும் வேரில் நீராக, பயன்முழுதும் ஆசிரியரின் தன்விவரக் குறிப்பில் விழும் இன்றைய முறைக்கு இதனினும் பொருத்தமான உவமை இல்லை. தனி ஆசிரியர்மீது இப்பழியைச் சுமத்துவது நேர்மையன்று. தென்னை தானே வளைவதில்லை. ஒளி எப்பக்கம் வருகிறதோ அப்பக்கமே வளைகிறது.

செய்யத்தக்கன

குறைகூறி நிறுத்துவது ஆய்வாளர் கடனன்று. பின்வருவன உடனே செய்யத்தக்கவை; பெருஞ்செலவும் தனி ஆணையும் வேண்டாதவை.

முதலாவது, ஒவ்வொரு தமிழ்த்துறையிலும் இருவாரத்துக்கு ஒருமுறை ஆசிரியர் எழுத்தவை கூடவேண்டும். ஒவ்வொருவரும் ஒருபக்கம் எழுதிவந்து படிக்கவேண்டும். மூவர் இருப்பினும் போதும். பெங்களூரில் ஒரு கல்லூரிக்கு ஓரிரு தமிழாசிரியரே உள்ளமையால், பல கல்லூரியினர் ஓரிடத்தில் கூடலாம். தமிழ்ச்சங்கம் போன்ற பொது இடங்கள் அதற்கு உதவும்.

இரண்டாவது, ஆசிரியர் மாணவர் முன்னிலையில் எழுதவேண்டும். கிருட்டிணராசேந்திரர் சந்தையைப் பற்றி ஒரு பத்தியைக் கரும்பலகையில் எழுதுமாறு வகுப்பே ஆசிரியரிடம் கேட்கட்டும். 'சந்தை மிகவும் பரபரப்பாகக் காணப்படும்' என்று அவர் தொடங்கினால், பரபரப்பு என்றால் அங்கே என்ன நடக்கிறது என்று மாணவர் வினவுவர். அவர் அதனை அடித்துவிட்டு, 'நான்கு மணிக்கு மல்லிகை மூட்டையை இறக்கியவர், ஏழு மணிக்கு அதே சாக்கை விரித்து உறங்குகிறார்' என்று எழுதுவார். அடித்தலும் எழுதுதலும் ஆசிரியர்க்கும் உண்டு என்பதை மாணவர் கண்ணால் காண்பர். பிள்ளையவர்களின் மாணவர் பெற்ற பேறு இதுவே. ஆசிரியரின் மதிப்பு இதனால் குறையும் என்று அஞ்சவேண்டுவதில்லை.

மூன்றாவது, அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பகுதி திருத்தி எழுதிய படிக்கு உரியதாதல் வேண்டும். முதற்படி, ஆசிரியரின் வினா, இரண்டாம்படி ஆகிய மூன்றும் சேர்ந்தே மதிப்பிடப்படல் வேண்டும். மாணவர் எங்கிருந்து எவ்வளவு நகர்ந்தார் என்பது அப்போதே தெரியும். எந்திரத்திடம் வாங்கிய கட்டுரையும் அங்கே பிடிபட்டுவிடும்.

நான்காவது, புத்தொளிப் பயிற்சியின் நாள்களில் மூன்றில் ஒருபங்கையேனும் எழுதுதலுக்கும் மாணவர் தாள்களைக் கூடிப் படித்தலுக்கும் ஒதுக்கவேண்டும். ஆசிரியர் தத்தம் வகுப்புத் தாள்களோடு பயிற்சிக்கு வரட்டும்.

ஐந்தாவது, இவ்விதழ் போன்ற ஆய்விதழ்கள் வகுப்பறை எழுத்தைப் பற்றிய ஆய்வுகளுக்கு இடம்தரவேண்டும். ஒரு புறநானூற்றுப் பாடலுக்கு நூறாவது விளக்கம் எழுதுவது ஆய்வாகும்போது, கன்னடவழி பயின்ற மாணவர் தமிழ் எழுதுகையில் றகர ரகரத்தை எவ்விடத்து மயங்குகிறார், எத்தொடரமைப்பைக் கன்னடத்திலிருந்து கொண்டுவருகிறார், எவ்வகைப் பயிற்சியால் தெளிகிறார் என்று ஆராய்வது ஏன் ஆய்வாகாது? மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் மொழி கற்பித்தல் துறையில் உழைத்து வருகிறது. பெங்களூரிலிருந்து மூன்றுமணித் தொலைவிலுள்ள அந்நிறுவனத்தின் பட்டறிவைக்கூட நம் துறைகள் எழுத்துக் கற்பித்தலுக்குப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

நிறைவாக

இதற்கெல்லாம் காலம் இருக்கிறது என்று எண்ணலாகாது. பெங்களூரில் தமிழ்வழிப் பள்ளிகள் அருகிவருகின்றன. தமிழைப் பாடமாக எடுக்கும் பட்ட வகுப்பு மாணவரின் தொகையும் ஆண்டுதோறும் உறுதியற்றதாகவே உள்ளது. அம்மாணவர்க்குப் பட்டப்படிப்பின் தமிழ் வகுப்பே பெரும்பாலும் இறுதித் தமிழ் வகுப்பு. அதன்பின் அவர் தமிழில் எழுதுவது தாமாக விரும்பினாலன்றி இல்லை. அவ்விறுதி வாய்ப்பில் நாம் அவர் கையில் தருவது யாருடையதும் அல்லாத ஓர் அச்சாயின், அவருடைய வீட்டில் எழுத்துத்தமிழ் அவரோடு முடிந்துவிடும். பேச்சுத்தமிழ் இன்னும் ஒரு தலைமுறை நிற்கக்கூடும்.

எழுதக் கற்பிப்பதில் வளரவேண்டும் என விழையும் ஆசிரியர், மேலிடத்து ஆணைக்குக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இவ்வாரம் ஒருபக்கம் எழுதி, அதனை உடனாசிரியர் ஒருவர் கையில் கொடுத்து, எங்கே தெளிவில்லை என்று கேட்கலாம். கேட்கும் துணிவு நமக்கு வருமாயின், நம் மாணவரிடம் அதே துணிவை எதிர்பார்க்கும் தகுதியும் உடன்வரும்.